உப்பளத்துக் கால்கள்

சர்க்கரை நோய் என்று சொன்னதும் எல்லோரும் கண்ணைப் பற்றியும் கிட்னியைப் பற்றியும்தான் பேசுவார்கள். காலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் தூத்துக்குடி மாதிரி ஒரு ஊரில் முதலில் பேச வேண்டியதே கால்தான்!

முள்ளக்காடு, வேப்பலோடை, ஆறுமுகநேரி பக்கம் போய்ப் பாருங்கள். பாத்தியில் உப்பு வாருகிறவர்கள் வெயில் ஏற ஏற உப்புத் தண்ணீரிலேயே நிற்கிறார்கள். கடற்கரையில் வலை இழுப்பவர்களுக்கும் மீன் கூடை சுமக்கும் பெண்களுக்கும் செருப்பு பெரிய தொந்தரவு. மணலில் கிளிஞ்சல், மீன் முள், உடைந்த பாட்டில் எல்லாம் கிடக்கும். (திருச்செந்தூருக்கு வெறுங்காலோடு தார் ரோட்டில் பாதயாத்திரை போகிறவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.)

சாதாரணமானவருக்கு முள் குத்தினால் வலிக்கும், உடனே எடுத்துப் போட்டுவிடுவார். வருடக்கணக்கில் சர்க்கரை கூடியே இருந்தவருக்கோ பாதத்து நரம்பு மரத்துப்போய் இருக்கும். முள் குத்தியதே தெரியாது. மறுநாளும் அதே காலோடு பாத்திக்குள் இறங்குவார். ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது. கிருமி எலும்பு வரைக்கும் போய்விடும். அப்புறம் ஆஸ்பத்திரியில் விரலா, பாதமா, முழங்காலுக்குக் கீழா என்ற பேச்சுதான்... கால் போன உப்பளத் தொழிலாளிக்கு வேறு என்ன வேலை கிடைக்கும்?

இந்த மரத்துப்போன கால் விஷயத்தைத் தமிழ்நாடு தொழுநோயில் ஏற்கனவே பார்த்திருக்கிறது. 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் கெட்டுப்போவதற்குப் பெரிய காரணம் வலி தெரியாமல் திரும்பத் திரும்பப் படுகிற காயம்தான் என்று காட்டினார். அவர்களுக்காக வந்த மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பைத்தான் இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகளுக்கும் டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள். செருப்பு எப்போதோ வந்துவிட்டது, போட வேண்டிய கால்தான் இன்னும் வெறுங்காலாக இருக்கிறது!

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். மாத்திரை கிடைப்பது முன்னைவிட எளிதாகிவிட்டது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட வேண்டியதில்லை. நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் மாத்திரைப் பட்டையைக் கையில் வாங்கும்போது காலை யார் பார்க்கிறார்கள்?

முடியாத காரியமும் இல்லை. 2006 வாக்கில் சுணாம்பேடு சுற்றுவட்டாரத்தில் 42 கிராமங்களுக்கு டாக்டர் மோகன் குழுவினர் ஒரு வேனை அனுப்பினார்கள். அதற்குள்ளேயே கண்ணையும் காலையும் பரிசோதித்தார்கள். விழித்திரைப் படம் இஸ்ரோ செயற்கைக்கோள் வழியாகச் சென்னைக்குப் போனது. உப்பளத்துக்கு அவ்வளவு பெரிய வேன்கூட வேண்டாம். கால் உணர்ச்சியைப் பார்க்கும் கருவி ஒரு நைலான் இழைதான். பார்க்கத் தங்கூஸ் நரம்புத் துண்டு மாதிரியே இருக்கும். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற மாதிரி அளவெடுத்துச் செய்தது. (அதனால் வலையிலிருந்து வெட்டியெடுத்துப் பார்த்துக்கொள்ள முடியாது!) கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் சில இடங்களில் அதை வைத்து "தெரியுதா அண்ணாச்சி?" என்று கேட்க வேண்டும். சில நிமிட வேலை. வருடத்துக்கு ஒரு தடவை போதும். "தெரியல" என்று சொன்னவரை அடிக்கடி பார்க்க வேண்டும்.

மீதி வேலை வீட்டில். ராத்திரி படுக்கும் முன் இரண்டு உள்ளங்கால்களையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் கீழே கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். பூட்ஸ் போடும் முன் கவிழ்த்துத் தட்ட வேண்டும், உள்ளே கிடக்கும் சின்னக் கல் போதும் புண்ணாக்க. கால் உளைச்சலுக்குச் சுடுதண்ணீரில் கால் வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். மரத்த காலுக்குச் சூடும் தெரியாது, தோல் வெந்த பிறகுதான் பார்ப்பார்கள்.