நாலு பேர், ஒரு கூட்டு, பங்கோர் தீவு

வீட்டுப் பெரியவர்களை நாம் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போகும் விதத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது கவனித்துப் பாருங்கள். பைகளுக்கு நடுவில் ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் தண்ணீரில் இருப்பார்கள். பேரனின் செருப்பு, மருமகளின் கைப்பேசி, பாதி குடித்த மைலோ எல்லாம் அவர் பொறுப்பில் இருக்கும். கேட்டால், "அப்பாவையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கோம்" என்பார்கள். உண்மைதான், காவலுக்கு.

என் அப்பாவும் இப்படிச் சில ஊர்களைப் பார்த்தவர்தான். கேமரன் மலை, லங்காவி, ஒருமுறை பாலித் தீவு. எல்லாப் படங்களிலும் சிரிப்பார். வீடு திரும்பியதும் முதல் வேலையாக நாற்காலியில் சாய்ந்து, "ஹப்பாடா" என்பார். அந்த ஹப்பாடாவில் இருக்கும் சந்தோஷம் படங்களில் இருந்ததில்லை.

வானொலியில் காலை நிகழ்ச்சி செய்கிறேன். பழைய பாடல் கேட்டு அழைக்கும் பெரியவர்களில் பலர், பாட்டை மனைவிக்கோ பிள்ளைக்கோ சமர்ப்பிப்பதில்லை. "என்கூட தோட்டத்துல படிச்சவன் ஒருத்தன். இப்ப எங்க இருக்கான்னு தெரியல. அவனுக்குப் போடும்மா" என்பார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்து, பிறகு பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்தது. ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்குமாகப் பிரிந்து போனார்கள். இன்று அவர்கள் சந்தித்துக்கொள்வது பெரும்பாலும் யாரோ ஒருவரின் காரியத்தில்தான். பந்தலில் பேசிச் சிரித்துவிட்டு, இழவு வீடு என்பது ஞாபகம் வந்து சட்டென்று நிறுத்திக்கொள்வார்கள்.

அப்பாவின் கூட்டாளிகள் மூன்று பேர். நால்வரும் பேராக் மாநிலத்தில், சித்தியவான் பக்கம் ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர்கள். அப்பா அரசாங்க மருத்துவமனையில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், எனக்கு வாத்தியார் மாமா. ஒருவர் தபால்காரர், போஸ்ட்மேன் மாமா. நான்காவது ஆள் லோரி மாமா. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுப் புல் வெட்டப் போய், பிறகு லோரியில் ஏறி, நாற்பது வருடத்துக்கு மேல் இறங்காதவர்.

"எல்லாரும் ஓய்வு வாங்கியாச்சு. ஒரு தடவை கடல் பக்கம் போய் ரெண்டு நாள் சும்மா கிடக்கணும்டா." இந்தப் பேச்சு அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் மூன்று வருடம் ஓடியது. முதல் வருடம் புக்கெட், அடுத்த வருடம் லங்காவி. வாத்தியார் மாமா விமான டிக்கெட் விலை வரை பார்த்து அனுப்புவார். எல்லாம் கூடிவரும் நேரத்தில் லோரி மாமாவுக்கு ஏதாவது வந்துவிடும். பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஆளில்லை. முட்டி வலி. மச்சான் வீட்டுக் கல்யாணம். "நீங்க போயிட்டு வாங்கடா, நான் அடுத்த வருஷம் வரேன்." அவர் இல்லாமல் மற்றவர்களும் போகவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் போஸ்ட்மேன் மாமாதான். முப்பது வருடம் வீடு வீடாகக் கடிதம் கொண்டுபோனவருக்கு வாசலில் நின்றே வீட்டு நிலவரம் தெரியும் போலிருக்கிறது. ஒரு நாள் லோரி மாமாவின் மகன் வீட்டுக்குப் போய்க் கோப்பி குடித்துவிட்டு வந்து, அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தார். "அவன்கிட்ட காசு இல்லடா. வேற ஒண்ணும் இல்ல."

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஊழியர் சேமநிதி 1951ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் இருக்கிறது. தனியார் துறைக்கும் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்பது 2013 ஜூலை முதல் சட்டம். ஆனால் டிரிப்புக்கு இவ்வளவு என்று கையில் கூலி வாங்கிய லோரி ஓட்டுநருக்கு இந்த இரண்டும் செய்தித்தாளில் படிக்கும் விஷயங்கள். அவருக்குச் சந்தா கட்ட வேண்டியவர்கள் கட்டவில்லை. அவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அடுத்த டிரிப் வேறு ஆளுக்குப் போயிருக்கும். சுயமாகத் தொழில் செய்பவர்கள் தாங்களே சேமநிதியில் பணம் போட இப்போது ஐ-சாரான் என்ற திட்டம் இருக்கிறது. இவருக்கு அது தெரிய வந்தபோது முதுகு போய்விட்டிருந்தது. அவருடைய ஓய்வு வயதை முடிவு செய்தது முதுகெலும்பு. இப்போது மகன் கொடுக்கும் கைச்செலவில்தான் வெற்றிலையும் பேருந்துக் கட்டணமும்.

"நாம மூணு பேரும் அவன் பங்கையும் போட்டுருவோம்" என்றார் அப்பா. நல்ல மனசில் சொன்னதுதான். போஸ்ட்மேன் மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "போட்டா வருவான்டா. ஆனா வந்து, மெனு அட்டைய திருப்பி விலைய பாத்துட்டு, எனக்குப் பசி இல்லன்னு சொல்லுவான். அதுக்கு அவன் வராமலே இருக்கலாம்."

யோசித்து அவர் சொன்ன வழி ஒரு கூட்டு. கூட்டு கட்டுவது பற்றி மலேசியத் தமிழருக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் இதில் யாரும் மாதாமாதம் எடுக்க முடியாது. ஆளுக்கு முப்பது வெள்ளி, அதற்கு மேல் ஒரு காசு போடக்கூடாது. சேரும் பணம் எந்த ஊருக்குப் போதுமோ அந்த ஊருக்குத்தான் பயணம். கணக்கும் கஜானாவும் லோரி மாமாவிடம். "நாங்க மூணு பேரும் அரசாங்க வேலை பாத்தவனுங்க. காசு விஷயத்துல எங்களை நம்பாத, நீயே வச்சுக்க" என்று சொல்லிக் கொடுத்தார்களாம். அவரும் ஒரு 555 நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தார். தேதி தவறினால் காலையிலேயே அழைப்பு வரும். ஒருமுறை அப்பா நான்கு நாள் தாமதமாகப் போட்டதற்கு, கந்துவட்டிக்காரர் தோற்றுப்போகும் அளவுக்குப் பேச்சு வாங்கினார். ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு.

பதினைந்து மாதத்தில் 1,800 வெள்ளி சேர்ந்தது. புக்கெட்டுக்கும் லங்காவிக்கும் அது போதவில்லை. பங்கோர் தீவுக்குப் போதும்.

தோட்டத்திலிருந்து லுமுட் பக்கம்தான். ஆனாலும் சின்ன வயதில் அவர்கள் பங்கோருக்குப் போனதெல்லாம் ஒரே காரணத்துக்காக, மாசி மகம். தீவில் கடலைப் பார்த்தபடி இருக்கும் பத்திரகாளியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தோட்டத்து லோரியில் குடும்பம் குடும்பமாக ஏற்றிப் போவார்கள். விடிவதற்குள் போய், இருட்டியதும் திரும்பிவிட வேண்டும். மறுநாள் பெரட்டு இருக்கிறதே. தீவில் ஓர் இரவு தங்குவது என்பது வெள்ளைக்காரத் துரைமார் செய்யும் காரியமாக இருந்தது.

அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்து அதிக நாள் ஆகவில்லை என்பதால் காடி ஓட்டும் வேலை எனக்கு வந்தது. விடுப்பு எடுத்தேன். என் அறைக்கு நானே பணம் கட்ட வேண்டும், அவர்கள் மேசையில் வந்து உட்காரக்கூடாது என்பது நிபந்தனை. அம்மாவிடம் நீங்களும் வாங்க என்றதற்கு, "மூணு நாள் வீடு அமைதியா இருக்கும். அதைக் கெடுக்காத" என்று அனுப்பிவைத்தார்.

செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். பள்ளி விடுமுறை இல்லாத வார நாள், அறை வாடகை குறைவு. லோரி மாமா முன் இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வழிநெடுக மிதித்துக்கொண்டு வந்தார். பின்னால் மூன்று பேர், மூன்று மருந்துப் பெட்டி. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு என்று ஒவ்வொரு மாத்திரையையும் அப்பா சரிபார்த்தார். அது முடிந்ததும் வாத்தியார் மாமா கேட்டார்: "எலி, இன்னும் எவ்வளவு தூரம்டா?"

எலி. என் அப்பா. கை கழுவாமல் சமையலறைக்குள் நுழைந்தால் முகம் சிவக்கும், சலவைச் சட்டை மடிப்புக் கலையாத, வார்டே எழுந்து நின்றதாகச் சொல்லப்படும் என் அப்பா. ஆயக்கொட்டகையில் புகுந்து பிள்ளைகளின் ரொட்டியைத் தின்றதால் வந்த பெயராம். முப்பது வருடத்துக்கு மேல் அவருடன் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியாது. கண்ணாடியில் பார்த்தேன். அந்தப் பெயருக்கு அவர் இயல்பாகத் திரும்பி, "பேசாம வாடா, லா" என்றார்.

லுமுட்டில் காடியை நிறுத்திவிட்டுப் படகு. படகு முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கும், அடுத்தது பங்கோர் பட்டணம். 2020 தொடக்கத்திலிருந்து தீவு வரியில்லா வணிகப் பகுதி. அதனால் சாக்லேட் கடைகள் கூடியிருக்கின்றன. கருவாடும் நெத்திலியும் மீன் சாத்தேயும் பழையபடி இருக்கின்றன. ரோஸ் நிற வேன் ஒன்றைப் பிடித்துத் தெலுக் நிப்பாவுக்குப் போனோம். டச்சுக்காரர்கள் 1670இல் கட்டிய கோட்டையையும் பார்க்க வேண்டும் என்றார் வாத்தியார் மாமா. பார்க்கவில்லை. கடைசி வரை எதையுமே பார்க்கவில்லை. கோயிலுக்கு ஒருமுறை போனதோடு சரி.

அந்த மூன்று நாளில் நடந்ததை எழுதச் சொன்னால் கஷ்டம், ஒன்றும் நடக்கவில்லை. காலையில் ரொட்டி சானாய் பசியாறுவார்கள். கைலியோடு மரநிழலில் பாய் விரிப்பார்கள். லோரி மாமா தூங்குவார். ஸ்டியரிங்குக்குக் கீழே கால் நீட்ட இடமில்லாமல் ஒன்று ஒன்றரை மணி நேரமாகப் பிய்த்துப் பிய்த்துத் தூங்கிய உடம்பு. மணலில் கையைக் காலை நீட்டி மத்தியானம் வரை கிடந்தது. நடுவில் வெயில் நகர்ந்து அவர் முகத்தில் விழுந்தபோது, அப்பா எழுந்து குடையை நகர்த்தி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். யாரும் எதுவும் பேசவில்லை.

என் தொழிலில் ஐந்து நொடி சத்தம் இல்லாமல் போனால் கட்டுப்பாட்டு அறையில் ஆள் ஓடும். மௌனம் என்றால் விபத்து என்று பழகிய காது எனக்கு. எதிரே இருக்கும் கியாம் தீவைப் பார்த்தபடி நான்கு ஆண்கள் நாற்பது நிமிடம் பேசாமல் இருந்ததை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சண்டையா என்று முதலில் சந்தேகப்பட்டேன். பிறகு போஸ்ட்மேன் மாமா, "ம்" என்றார். வாத்தியார் மாமா, "ஆமா" என்றார். மறுபடி அமைதி.

சாயங்காலம் இருவாச்சிப் பறவைகள் வரும். தெலுக் நிப்பாவில் பழம் வைத்தால் கைக்கருகில் வந்து வாங்கிப் போகும். அப்போதுதான் வாத்தியார் மாமா கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டினார். ஆறாம் வகுப்பு, பள்ளிக்கூட வாசல், வெறுங்காலோடு பிள்ளைகள். ஒவ்வொரு முகமாக விரலை வைத்துப் பெயர் சொன்னார்கள். இவன் செத்துட்டான். இவன் சிங்கப்பூர்ல இருக்கான். இவனும் செத்துட்டான். இரண்டாவது வரிசையில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணிடம் வந்ததும் விரல் நின்றது. நான்கு பேருக்கும் பெயர் வரவில்லை. கங்காணி வீட்டுக்குப் பின் லயம் என்றார் ஒருவர், இல்லை என்றார் இன்னொருவர். இருட்டும் வரை தேடியும் கிடைக்கவில்லை.

எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அம்மா வேறு தோட்டம். அவருக்கும் கூட்டாளிகள் இருந்திருப்பார்கள். கல்யாணம் ஆகி ஒவ்வொருத்தி ஒவ்வொரு ஊர், அப்பன் பெயர் போய்ப் புருஷன் பெயர், பிறகு பிள்ளையின் அம்மா. வாட்ஸ்அப்பில் அம்மாவுக்குக் கோயில் குழு, சொந்தக்காரர் குழு எல்லாம் உண்டு. இப்படி ஒரு குழு இல்லை. ஏதோ ஒரு படத்தில் அவரும் ரெட்டைச் சடையோடு நிற்கலாம், யாரோ நான்கு பேர் விரலை வைத்து யோசித்துக்கொண்டிருக்கலாம். அன்றிரவு அழைத்து, "உங்ககூட ஸ்கூல்ல யாரும்மா பெஸ்ட் பிரெண்ட்?" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு பெயர் சொன்னார், உடனே இன்னொன்று, அப்புறம் நிறுத்தவே இல்லை. எழுதி வைத்திருக்கிறேன். ஏழு பெயர்.

கடைசி ராத்திரி சீனர் கடையில் மீன், நண்டு, கங்கோங். லோரி மாமாதான் மெனுவைக் கையில் வாங்கினார். விலையைப் பார்த்தார்தான், ஆனால் கணக்கு வைத்திருப்பவர் பார்க்கும் பார்வை அது. "பெரிய நண்டா போடச் சொல்லு. காசு இருக்கு" என்று உத்தரவு வந்தது. தள்ளி இருந்த என் மேசைக்கும் ஒரு தட்டு வந்தது. அது நிபந்தனையில் இல்லை.

திரும்பும் படகில் 555 நோட்டு வெளியே வந்தது. அறை, படகு, வேன், எண்ணெய், டோல், சாப்பாடு, கோயில் உண்டியலில் போட்ட பத்து வெள்ளி வரை எழுதியிருந்தது. மிச்சம் 186 வெள்ளி 40 காசு. பிரித்துக்கொள்ளலாமா என்று வாத்தியார் மாமா கேட்டதற்குப் பதில் வரவில்லை. லோரி மாமா அடுத்த பக்கத்தைத் திருப்பி, மேலே தேதி போட்டு, முதல் வரியில் 186.40 என்று எழுதினார்.

"அடுத்த மாசம் அஞ்சாம் தேதிக்குள்ள முப்பது வெள்ளி. லேட்டா போட்டா அபராதம்" என்றார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "எலிக்கு ரெண்டு மடங்கு."

அப்பா சட்டைப் பையில் கைவிட்டு, முப்பது வெள்ளியை அப்போதே எடுத்துக் கொடுத்தார்.