கணக்குக் கொப்பியின் பின்பக்கம்

மார்ச் 12, 2022, சனி

நள்ளிரவோடு பெற்றோல் 254 ரூபாய். நேற்றுவரை 177. காலையில் இவர் ஆட்டோவை வெளியே எடுக்கவில்லை. சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "ஹயருக்கு என்ன கேக்கிறதுன்னே தெரியல" என்றார். கலஹாவிலிருந்து பேராதனைக்கு நேற்றுக் கேட்ட காசை இன்று கேட்டால் நட்டம். கூட்டிக் கேட்டால் ஆட்கள் பஸ்ஸுக்கு நிற்பார்கள்.

பத்து வருடமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். என் வீட்டுக் கணக்கை எழுதிப் பார்த்ததில்லை. இன்று எழுதினேன். கை நடுங்கியது.

ஆட்டோ லீசிங் மாதம் 14,850. 2020இல் கொரோனாவுக்காக ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைத்தார்கள். அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடியதால் முடிவு நாள் தள்ளிப்போய்விட்டது. சம்பளத்தில் கழிகிற இடர் கடனுக்கு 4.2 வீதம்தான் வட்டி, அது மெல்லக் கழியட்டும். சீட்டில் எடுத்த காசுக்கு இன்னும் ஏழு மாதம் கட்ட வேண்டும். கடனுக்குச் சாமான் வாங்குகிற நானா கடைக் கொப்பியில் 18,600. கழிவுகள் போக என் கைக்கு வருவது 34 ஆயிரம் சொச்சம். இவர் கொண்டுவருவது இனிக் கடவுளுக்கே வெளிச்சம்.

வட்டி வீதப்படி மேலிருந்து கீழே அடுக்கினேன். கூடின வட்டியை முதலில் அடைப்பது என்பது முடிவு. நானா கடைக்கு நேரே பூச்சியம் போட்டேன். அது கடைசி.

மார்ச் 20

பால்மா 400 கிராம் 790. மகனுக்கு இனி இரவில் மட்டும்.

ஏப்ரல் 12, செவ்வாய்

வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் இன்று அறிவித்தது. கரண்ட் இல்லாததால் இவர் போனில் செய்தியைப் படித்தார். நான் விளக்கைத் தூண்டிவிட்டேன். "நாடே கட்டலயாம்" என்றார். அப்படிச் சொன்னவர் உடனே எழுந்து போய், பதினைந்தாம் தேதித் தவணைக்கென்று டப்பாவில் போட்டிருந்த காசை எண்ணினார்.

ஏப்ரல் 13, புதன்

வருடப் பிறப்புக்கு முதல் நாள். மாவும் சீனியும் எடுத்துக்கொண்டு மேலே அம்மாவின் லயத்துக்குப் போனேன். வாசலில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கழுத்துப் பட்டி போட்ட ஒரு பையன் மடியில் கொப்பி வைத்திருந்தான். அம்மா முந்தானையை அவிழ்த்து 1,250 ரூபாயை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கை நின்றது. நோட்டை மறைக்க இடமில்லை.

மைக்ரோ கடன். ஜனவரியில் எடுத்த 50,000. கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை.

பையன் போகட்டும் என்று காத்திருந்து கத்தினேன். என்னத்துக்கு எடுத்தீங்க, யாருக்கு எடுத்தீங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அம்மா பதில் சொல்லாமல் அடுப்பை ஊதினார். பக்கத்து காம்பராவில் இருந்த அத்தைதான் சொன்னார்: "ஒன் புருசனுக்குத்தான் புள்ள. ஆட்டோவத் தூக்கிருவோம்னு வந்து நின்னாங்கல்ல."

ஜனவரியில் இரண்டு தவணை தவறியது எனக்குத் தெரியும். நல்ல ஹயர் கிடைத்தது, கட்டிவிட்டேன் என்று இவர் சொன்னதை நம்பியிருந்தேன்.

அம்மாவின் சேமலாப நிதிக் காசுதான் ஆட்டோவின் முற்பணம். முப்பத்தேழு வருடம் கொழுந்தெடுத்த காசு. மிச்சமிருந்தது அவருடைய பேர் ஒன்றுதான். அதையும் எங்களுக்காக எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இரவில் கணக்குப் போட்டேன். 52 தரம் 1,250 என்றால் 65,000. வட்டி 15,000. ஐம்பதுக்குப் பதினைந்து என்றால் முப்பது வீதம், அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் முதல் கிழமையிலிருந்தே காசு திரும்பிப் போகிறது. வருடம் முழுக்க அம்மாவிடம் நிற்பது சராசரியாக இருபத்தையாயிரம் சொச்சம்தான். இருபத்தையாயிரத்துக்குப் பதினைந்தாயிரம் வட்டி என்றால் அறுபது வீதத்துக்குக் கிட்ட வருகிறது. இந்தப் பாடத்தை நான் பதினோராம் ஆண்டுக்கு நடத்துகிறேன்.

இது பட்டியலில் முதலில் வரவேண்டியது. எழுதினேன். இவரோடு பேசவில்லை.

ஏப்ரல் 14

பொங்கல் வைத்தோம். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 19

பெற்றோல் 338.

ஏப்ரல் 27, புதன்

1,250ஐ இனி நான் தருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். வாங்க மாட்டேன் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறாராம். அறுபத்தொரு வயது. உரம் இல்லாமல் கொழுந்தே இல்லை. போன வருடம் இரசாயன உரத்தை நிறுத்திய பிறகு மலை மஞ்சளாய்க் கிடக்கிறது. நாள் முழுக்கப் பறித்தாலும் கூடை நிறையவில்லை என்று அத்தை சொன்னார்.

என் பட்டியலைக் காட்டினேன். எது முதலில், எது பிறகு என்று வாசித்தேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நானாவுக்கு எப்ப?" என்றார்.

"அவருக்கு வட்டி இல்லம்மா. கடைசில குடுக்கலாம்."

"அவருக்குத்தான் மொதல்ல குடுக்கணும். மூஞ்சியப் பாத்து வாங்கின கடன்."

இது கணக்கல்ல என்றேன். அம்மா கொஞ்சம் கருப்பட்டியைக் கடதாசியில் சுற்றி மகனுக்கென்று கையில் திணித்தார்.

மே 10

ஊரடங்கு. ரேடியோ முழுக்கக் கொழும்பு. மதியமும் இரவும் மரவள்ளி.

மே 25, புதன்

பெற்றோல் 420. லீசிங்கில் மறுபடி இரண்டு தவணை நிற்கிறது. இந்த முறை யாரிடமும் சொல்லாமல் கண்டிக்குப் போனேன்.

தாலிக்கொடியைக் கழற்றும்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை. தராசில் வைத்த பெண் நல்ல பிள்ளை. "டீச்சருங்களா?" என்று கேட்டாள். என்னைப் போல இன்று காலையிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. பவுண் விலை ஏறியிருப்பதால் நினைத்ததைவிடக் கூடுதலாகத் தந்தார்கள். வட்டியும் ஏறியிருக்கிறது. ஏப்ரல் 8ஆம் தேதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் ஏழு வீதப் புள்ளி கூட்டியது எங்கேயோ கொழும்பில் நடந்த விசயமாகத் தோன்றியிருந்தது. இன்று அது கவுண்டரின் இந்தப் பக்கம் வந்து நின்றது. கூடுதலாகத் தந்தார்களே என்று சந்தோசப்பட்டது எவ்வளவு பிழை. கூடுதலாகத் தந்ததைத்தானே மீட்க வேண்டும்.

தெருவில் முலாம் பூசின கொடி ஒன்று வாங்கித் தாலியைக் கோத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் ஹிந்தகல தாண்டும்போது கையில் அடகுத் துண்டை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வரலாற்று டீச்சர் ஒருநாள் ஆசிரியர் அறையில் சொன்னது ஞாபகம் வந்தது. இங்கே மேலே லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார் என்பது பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அந்த மலைகளுக்கு வந்த நம்முடைய ஆட்களின் பேரில், கப்பலேறும் முன்பே முற்பணம் ஏறியிருந்தது பாதிப் பேருக்குத் தெரியாது. கங்காணிக்குக் கடன், கங்காணிக்குத் தோட்டத்தில் கடன். தோட்டம் மாற வேண்டுமானால் ஒரு துண்டு வேண்டும்: இந்த ஆட்களின் கடன் இவ்வளவு, இதைத் தீர்த்தால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தருகிற காகிதம். ஆளோடு கடனும் மலை மாறும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்டு முறையை நிறுத்தினார்கள்.

பையில் வைத்தேன். மறுபடி எடுத்துப் பார்த்தேன். பத்திரமாக இருக்கிறதா என்று.

ஜூன் 29, புதன்

இரண்டு இரவு இவர் பெற்றோல் ஷெட் வரிசையில் கிடக்கிறார். நேற்று முன்தினத்திலிருந்து அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எண்ணெய் என்று அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் வரிசை கலையவில்லை. வண்டியை எடுத்துவிட்டால் இடம் போய்விடும் என்று எல்லாரும் அங்கேயே இருக்கிறார்கள். ரொட்டியும் சம்பலும் கொண்டுபோனேன். பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்திருந்தார். தாடி வளர்ந்துவிட்டது. எழுந்து ரொட்டியைப் பிய்த்துப் பக்கத்து ஆட்டோக்காரருக்கு முதலில் நீட்டினார். அவர் சிங்களவர், தெல்தோட்டைப் பக்கம். அவருடைய மனைவி கொண்டுவந்த பலாக்காயை நேற்று இவர் சாப்பிட்டாராம்.

மைக்ரோ விசயத்தை இப்போதாவது கேட்கலாம் என்று நினைத்துத்தான் போனேன். அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க முடியவில்லை. அவரே சொன்னார். "ஒன்கிட்ட சொல்லிருக்கணும். நீ கணக்குப் பாப்பேன்னு பயம்."

திரும்பும் வழியில் மா வாங்க நானா கடைக்குப் போனேன். கடைக்குள் இரண்டு தட்டு வெறுமையாய்க் கிடந்தது. ஒரு கிலோ கட்டித் தந்தார். கொப்பியை எடுத்தார், எழுதவில்லை. பேனையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. ஏதாச்சும் கொஞ்சம் தர முடியுமா?"

பதினான்கு வருடத்தில் அவர் கேட்டது இன்றுதான். கேட்டுவிட்டு அவர்தான் குனிந்துகொண்டார். கண்டியில் மொத்தக் கடைக்காரர்கள் இப்போது யாருக்கும் கடன் கொடுப்பதில்லையாம். காசை வைத்தால்தான் மூட்டையை இறக்குவார்களாம். எங்கள் மலையிலிருந்து அவருக்கு வரவேண்டியது நான்கு லட்சத்துக்கு மேல். போன மாதச் சரக்குக்கு அவருடைய மனைவியின் வளையலை அடகு வைத்திருக்கிறார். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். நான் போன அதே தெரு.

கையிலிருந்த ஆயிரத்தைக் கொடுத்தேன். ஐந்நூறு போதும், பஸ்ஸுக்கு வேணுமே என்று மீதியைத் திருப்பித் தந்தார்.

வீட்டுக்கு வந்து கொப்பியைப் பிரித்தேன். நானாவுக்கு நேரே நான் போட்ட பூச்சியம் அப்படியே இருக்கிறது. மார்ச்சிலிருந்து அந்தப் பூச்சியத்துக்கான வட்டியை அவர் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அழித்து எந்த எண்ணைப் போடுவது என்று தெரியவில்லை.

ஜூலை 9

எல்லாரும் போனைப் பார்க்கிறார்கள். ஜனாதிபதி மாளிகைக்குள் சனம். எங்களுக்கு அரிசி இரண்டு நாளைக்கு.

ஆகஸ்ட் 3

பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்துவிட்டது. ஆட்டோவுக்குக் கிழமைக்கு ஐந்து லீட்டர். ஐந்து லீட்டரில் பேராதனைக்கு எத்தனை தரம் போய்வரலாம் என்று மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். விடை சரி. இவர் அவனைத் தூக்கிக் கொஞ்சினார். பல நாளைக்குப் பிறகு வீட்டில் சத்தம்.

ஆகஸ்ட் 22, திங்கள்

மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340. ஒரே இரவில். இந்த மாதம் கரண்ட் கட்டணமும் ஏறியது. லயத்தில் பிள்ளைகள் படிக்கிற நேரம் இனிக் குறையும். நாளை வகுப்பில் வீட்டு வேலை தரமாட்டேன்.

அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். என் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டார். மாலையில் எனக்குத் தலையில் எண்ணெய் வைக்கும்போது சொன்னார்: "ஒன் ரெண்டு சட்டையிலயும் கழுத்துப் பக்கம் பச்சையா கறை. தேசிக்காய் போட்டுத் தேச்சேன். போகல."

நான் பேசவில்லை. அம்மாவின் விரல் பின்கழுத்தில் கொடியின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வகிடு எடுத்துப் பின்ன ஆரம்பித்தார். சிறு பிள்ளையில் பின்னுவது போல இறுக்கிப் பின்னினார். தலை வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தேன்.

செப்டெம்பர் 7

அம்மா மைக்ரோவுக்கு நான் தரும் காசை இன்று வாங்கிக்கொண்டார். முழுதும் அல்ல, 600. மீதி அவருடையது. அடகு விசயத்தை இரவில் இவரிடம் சொன்னேன். வாசலில் போய் நின்றார். வெகுநேரம் கழித்து வந்து படுத்தார்.

செப்டெம்பர் 30, வெள்ளி

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி இந்த மாதப் பணவீக்கம் 69.8 வீதம். உணவுக்கு மட்டும் 94.9. பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதி விளக்கினேன். போன வருடம் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் இப்போது கிட்டத்தட்ட 195 ரூபாய் என்றேன். பின்வரிசைப் பெண் கையை உயர்த்தி, "அப்பாவோட பேர் அதே ஆயிரந்தானே டீச்சர்?" என்று கேட்டாள். ஆம், தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, அதே ஆயிரம்தான். வேறென்ன சொல்ல? பெருக்கல் கணக்கு ஒன்றை எழுதச் சொல்லிவிட்டு யன்னல் பக்கம் போய் நின்றேன்.

ஒக்டோபர் 4, செவ்வாய்

அடகு வைத்த இடத்திலிருந்து கடிதம். நவம்பர் 25க்குள் மீட்க வேண்டும், அல்லது வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏலம். வட்டியோடு 91,200 கேட்கிறார்கள். டப்பாவில் 23,750 இருக்கிறது. புதுப்பிக்கலாம் என்கிறார் இவர். ஆட்டோவைக் கொடுத்துவிட்டு, இருக்கிற லீசிங்கை முடித்துவிடலாம் என்றும் சொல்லிப் பார்த்தார். சொல்லும்போதே குரல் உடைந்தது. பிறகு நாங்கள் இருவரும் அதைப் பேசவில்லை.

பட்டியலை இன்று புதிதாக எழுதினேன். மேலே என்ன எழுதுவது என்று யோசித்து, முதல் வரியில் நானா கடை என்று எழுதினேன். பாக்கி 16,300. பக்கத்தில் வட்டிக் கட்டத்தை வெறுமையாய் விட்டிருக்கிறேன்.

நாளை புதன். 1,250ஐ எண்ணி அலமாரியில் சீனிப் போத்தலுக்கு அடியில் வைத்தாயிற்று. இன்னும் பதிமூன்று கிழமை.