பதினோராம் பருவம்

ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்குப் பருவங்கள் பத்து என வகுத்தனர் நம் முன்னோர். காப்பில் தொடங்கிச் சிறுதேரில் முடியும் அப்பத்தினுள் சிற்றிற் பருவமும் ஒன்று. சிறுமியர் மணலால் அரிதின் முயன்று கட்டிய சிறுவீடுகளைக் காலால் அழிக்க வரும் குழந்தைத் தலைவனிடம், அவற்றைச் சிதைக்க வேண்டாமென அவர்கள் இரந்து நிற்பதாகப் புலவர் பாடுவர். இப்பகுதியைப் பல ஆண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வந்த நாம், அச்சிறுமியரின் துயரத்தை உள்ளபடி உணர்ந்தது சென்ற ஆண்டிலேதான். மின்கருவிகள் மலிந்த இக்காலத்து இல்லங்களுக்குப் பதினோராம் பருவம் ஒன்றுண்டு. அதனைப் பொத்தானமுக்கும் பருவம் எனலாம்.

எம் இளைய மைந்தனுக்கு அப்போது ஒன்றரை வயது. கால் நிலத்திற் பதிந்த நாள்முதல், எட்டிய ஆளிகளும் பொத்தான்களும் அவன் ஆட்சிக்குள் வந்துவிட்டன. தொலைக்காட்சிப் பெட்டி திடீரென அலறும். சலவை இயந்திரம் பாதி வேலையில் நின்றுவிடும். ஒருநாள் நாம் பகலுணவுக்கு அமர்ந்தபோது, ரைஸ் குக்கருக்குள் அரிசி அரிசியாகவே கிடந்தது. எம் அன்னையாரோ இவற்றையெல்லாம் கண்டு அகமகிழ்ந்து, "என்ர ராசா இஞ்சினியராத்தான் வருவான்" என்று திருஷ்டி கழிப்பார்.

மூன்றாந் தவணைப் பரீட்சை முடிந்த ஓரிரவு, 42 மாணவரின் புள்ளிகளைக் கணினியிற் பதிந்துகொண்டிருந்தோம். இரண்டு மணி நேர உழைப்பு. கணினிப் பெட்டி நிலத்திலே இருந்தது. அதன் முகப்பில் நீலநிற ஒளியோடு மின்னும் பொத்தான், ஒன்றரை வயதுக் குழந்தையின் கண்ணுக்கு நேரே அமைந்திருந்தது. சின்னஞ்சிறு விரல் ஒன்று அதன்மேற் பதிந்தது. திரை இருண்டது. சேமித்து வையாத புள்ளிகள் யாவும் மறைந்தன.

நாம் சினந்தோம். அவன் புறங்கையில் ஓர் அடியும் வைத்தோம். அவன் உடனே அழவில்லை. தன் கையைப் பார்த்தான், பொத்தானைப் பார்த்தான், பின்னர் எம் முகத்தைப் பார்த்தான். அதன்பின்னரே அவன் உதடு பிதுங்கியது.

"தம்பி, பச்சைப்பிள்ளைக்கு என்ன தெரியும்? உன்ர பெட்டியை எட்டாமல் வைக்கவேண்டியது நீயெல்லே!" என்றார் அன்னையார். அவர் கூறியதில் நியாயம் இருந்தது.

மறுநாளே அரண் அமைக்கத் தொடங்கினோம். கணினிப் பெட்டியை மேசைமேல் ஏற்றினோம். அதன் அமைப்புப் பகுதியில், மின்பொத்தானை அமுக்கினால் 'ஒன்றும் செய்யாதே' எனக் கட்டளையிட்டு வைக்க வழியுண்டு, அதனைச் செய்தோம். எனினும் பொத்தானை நான்கு விநாடி அளவு விடாது அமுக்கினால் இக்கட்டளையையும் மீறிக் கணினி அணைந்துவிடும் என்பதால், எழுதுவது தானாகவே சேமிக்கப்படவும் ஏற்பாடு செய்தோம். சலவை இயந்திரத்திற் குழந்தைப் பூட்டு என ஒன்று இருப்பதை அன்றுதான் கையேட்டில் வாசித்தறிந்தோம். இணைய இணைப்புப் பெட்டி அலுமாரியின் உச்சிக்குச் சென்றது. தூரவியக்கிகள் உயரத்துத் தட்டில் ஏறின. இனி எம் உடைமைகளுக்கு யாதொரு பயமுமில்லை என்று இறுமாந்திருந்தோம்.

இரு வாரம் கழிந்தது. ஒருநாள் இரவு எட்டு மணியளவில், மூத்த மகள் மின்விசிறியின் மெல்லிய தூரவியக்கியைக் கையில் ஏந்தியபடி வந்தாள். தட்டில் ஏற்ற மறந்த ஒன்று அதுவே. அதன் பின்மூடி கழன்றிருந்தது.

"அப்பா, உள்ளுக்கை இருந்த பற்றரியைக் காணேல்லை."

அது காசு வடிவான சிறு லிதியம் மின்கலம். பாய்களை உதறினோம், கட்டிலின் கீழ்த் தேடினோம், கிடைக்கவில்லை. எம் இல்லாள் குழந்தையை வாரி அணைத்து, "இஞ்சருங்கோ, இவன் விழுங்கிப்போட்டானோ தெரியேல்லை" என்றபோது அவள் குரல் நடுங்கிற்று. குழந்தையோ சிரித்துக்கொண்டிருந்தான்.

அச்சிரிப்பை நம்பி இருந்துவிடலாகாது என்பதை வைத்தியசாலையில் அறிந்தோம். மின்கலம் உணவுக் குழாயிற் சிக்கினால், ஈரமான தசையினூடே மின்னோட்டம் பாயும். அதனால் அவ்விடத்தில் உண்டாகும் காரப்பொருள் தசையை அரிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கொடிய புண் உண்டாகக்கூடும். தூரவியக்கியை இயக்க வலுவற்றுப்போன பழைய மின்கலத்திலும் இதற்குப் போதிய வலு எஞ்சியிருக்கும். தொடக்கத்தில் அறிகுறி எதுவும் தோன்றாதிருக்கலாம். ஆகவே விழுங்கினானோ என்ற ஐயம் எழுந்தாலே, வாந்தி எடுக்கச் செய்யாமல், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கழுத்து முதல் அடிவயிறு வரை எக்ஸ்கதிர்ப் படம் எடுத்தனர். அப்படம் வரும்வரை நாம் இருந்த வாங்கிலே, 42 மாணவரின் புள்ளிகளை எண்ணி வெட்கினோம். எதற்காக அன்று அடித்தோம்? எதனை இவ்வளவு நாளும் காத்தோம்?

படத்தில் ஒன்றும் இல்லை. நள்ளிரவுக்குப் பின் வீடு மீண்டோம். காலையில் அன்னையார் வெற்றிலைக்காகத் தம் பனையோலைக் கொட்டைப்பெட்டியைத் திறந்தார். உள்ளே சில்லறைக் காசுகளின் நடுவே மின்கலம் கிடந்தது. ஆச்சி வட்டமான காசுகளை அதனுள் இடுவதை அவன் நாள்தோறும் பார்த்திருக்கிறான். வட்டமான இப்பொருளையும் அதற்குரிய இடத்திலே சேர்த்திருக்கிறான்!

அன்று காலையே அரண்களை மறுபடியும் வகுத்தோம். முன்பு கருவிகளைக் குழந்தையிடமிருந்து காத்தோம். இப்போது குழந்தையைக் கருவிகளிடமிருந்து காக்கலானோம். திருகாணியின்றித் திறக்கும் மின்கல மூடிகள் யாவும் ஒட்டுநாடாவால் இறுகின. தொலைக்காட்சிப் பெட்டி, அவன் பற்றி இழுத்தாலும் சரிந்து விழாதபடி சுவரிற் பிணைக்கப்பட்டது. சதுரத் துளையுடைய மூன்றுகால் மின்குதையில், நீண்ட மேற்கால் புகுந்த பின்னரே மற்றைய இரு துளைகளின் மூடிகள் திறக்கும். பழைய வட்டத் துளைக் குதைகள் பலவற்றில் இக்காவல் இல்லை. நம் வீட்டுச் சுவரில் ஓடுவதோ 230 வோல்ற்று. எனவே அவற்றை மாற்றுவித்தோம். 30 மில்லியம்பியர் கசிவிலேயே மின்னை அறுக்கும் ட்ரிப் சுவிச்சையும் மின்வினைஞரைக் கொண்டு சோதிப்பித்தோம்.

சுவிற்சர்லாந்து நாட்டு அறிஞர் ழீன் பியாஜே தம் மூன்று குழந்தைகளையும் கூர்ந்து நோக்கி, 1936 இல் ஒரு நூல் வெளியிட்டார். ஓராண்டு கடந்த குழந்தை, ஒரு செயலைப் பலவாறாக மாற்றி மாற்றிச் செய்து, 'இப்படிச் செய்தால் என்ன நிகழும்?' என ஆராயும் என்பது அவர் கண்டது. வகுப்பிலே மாணவர் எதையும் தாமாகச் சோதித்துப் பார்ப்பதில்லை எனக் குறைகூறும் நாம், சோதித்துப் பார்த்தவன் கையில் அடித்திருக்கிறோம்.

அதற்குக் கழுவாயாக, மகளின் துணையோடு ஒரு பலகையில் இரண்டு ஆளிகளையும் ஒரு சிறு மின்குமிழையும் பொருத்தி, மின்கலங்களைத் திருகாணி மூடிக்குள் அடைத்து, அவனுக்கு அளித்தோம். ஆளியைத் தட்டுவான், குமிழ் ஒளிரும், கைகொட்டிச் சிரிப்பான்.

ஆயினும் கணினியை அவன் மறக்கவில்லை. கதிரையில் ஏறி இன்றும் அந்நீலப் பொத்தானை நாடுகிறான். இப்போது அதனைத் தட்டினால் ஒன்றும் நிகழ்வதில்லை. ஆனால் தட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் எம் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறான். அப்போது நாம் எழுதுவதை நிறுத்தி, அவனைப் பார்த்துச் சிரிக்கிறோம்.