மலைநாட்டில் ஒரு பாட்டுக் குடும்பம்

குடும்பத்துடன் வெளியூர் செல்கிறவர்களுக்கு மாலைப் பொழுதே சிக்கலான பொழுது. பகலில் அருவியையும் அணையையும் காட்டிக் குழந்தைகளை மகிழ்விக்கலாம். முதியவர்களை மரநிழலில் அமர்த்தி இளைப்பாறச் செய்யலாம். பொழுது சாய்ந்த பின்னர் என்ன செய்வது? பாட்டியும் பேரனும், மாமியாரும் மருமகளும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசாமல் கண்டு களிக்கத்தக்க நிகழ்ச்சி எத்தனை ஊர்களில் நடைபெறுகிறது? இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லியே வளர்ந்த ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் நடுப்பகுதியில், மிசௌரி மாநிலத்தின் தென்கோடியில், ஒசார்க் மலைகளுக்கிடையே அமைந்துள்ள பிரான்சன் என்பது அதன் பெயர். ஏறத்தாழ 12,000 பேரே வாழும் சிற்றூர். ஆனால் அங்குள்ள இசையரங்குகளை நாடி ஆண்டுதோறும் பல இலட்சம் மக்கள் வருகின்றனர்.

அம்மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் என் இளைய சகோதரர் மனைவி மக்களுடன் வசித்து வருகிறார். 2019 ஆம் ஆண்டு கோடை விடுமுறையின்போது உம்மாவையும் என்னையும் அங்கே வரவழைத்திருந்தார். உம்மாவுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. செயின்ட் லூயிஸிலிருந்து பிரான்சன் சுமார் 400 கிலோமீட்டர். ஸ்பிரிங்ஃபீல்டு நகரைத் தாண்டித் தெற்கே திரும்பியதும் சமவெளி மறைந்து, பாறைகளை வெட்டிப் போட்ட சாலை மேலும் கீழுமாக இறங்கி ஏறத் தொடங்குகிறது.

ஏரி தந்த வாழ்வு

பிரான்சனின் வரலாறு சுவையானது. 1906 ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வந்தது. மறு ஆண்டு, ஹெரால்டு பெல் ரைட் என்னும் எழுத்தாளர் இம்மலைமக்களின் வாழ்வைப் பொருளாகக் கொண்டு ‘தி ஷெப்பர்டு ஆஃப் தி ஹில்ஸ்’ என்ற புதினத்தை வெளியிட்டார். அந்நூலைப் படித்தவர்கள் கதை நிகழ்ந்த இடங்களைக் காணப் புறப்பட்டு வந்தனர். 1913 இல் வெள்ளை ஆற்றின் குறுக்கே அணை எழுந்து டேனிகோமோ ஏரி உருவானது. 1958 இல் அதற்கு மேற்புறம் டேபிள் ராக் அணை கட்டி முடிக்கப்பட்டது. மேலணையின் ஆழத்திலிருந்து திறந்துவிடப்படும் நீர் கடுங்குளிர்ச்சி உடையது. ஆதலின் கீழேயுள்ள டேனிகோமோவில் குளிர்நீரில் மட்டுமே வாழும் ட்ரௌட் மீன்கள் வளர்க்கப்பட்டன. ஹலால் இறைச்சிக்கு வழியில்லாத அவ்வூரில் எங்கள் இரு வேளை உணவும் அம்மீனே.

மீன் பிடிக்க வந்தவர்கள் பகலெல்லாம் படகில் கழித்தனர். இரவில் பொழுது போகவில்லை. 1959 இல் மேப் என்ற குடும்பத்தின் சகோதரர்கள் நால்வர், ஏரிக்கரையில் இவர்களுக்காகப் பாடவும் நகைச்சுவை செய்யவும் தொடங்கினர். தங்கள் குழுவுக்கு ‘பால்டுநாபர்ஸ்’ என்று பெயர் சூட்டிக்கொண்டனர். 1880களில் இதே மலைகளில் சட்டத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டு மக்களை நடுங்க வைத்த ஒரு கூட்டத்தாரின் பெயர் அது. தாத்தாமாரை அஞ்ச வைத்த பெயரைக் கேட்டுப் பேரன்மார் சிரித்தனர்.

அடுத்து வந்தது பிரெஸ்லி குடும்பம். முதலில் ஒரு குகைக்குள் பாடிக்கொண்டிருந்த இவர்கள், 1967 இல் 76 ஆம் நெடுஞ்சாலையோரம் சொந்தமாக ஓர் அரங்கு கட்டினர். அச்சாலையில் எழுந்த முதல் இசையரங்கு அதுவே. 1983 இல் ராய் கிளார்க் என்னும் புகழ்பெற்ற பாடகர் தம் பெயரில் அரங்கு திறந்தார். 1991 இல் ‘60 மினிட்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி இவ்வூரைப் படம் பிடித்து ஒளிபரப்பியதும் நாடே இதன்பக்கம் திரும்பியது. 1992 இல் ஆண்டி வில்லியம்ஸ் வந்து சேர்ந்தார். ஜப்பானில் பிறந்து, இளமையில் ராய் அக்கஃப் பாடக் கேட்டு உள்ளம் பறிகொடுத்து, பிடிலுடன் கடல் கடந்து வந்த ஷோஜி தபூச்சியும் இங்கே அரங்கு அமைத்துப் பெரும்புகழ் பெற்றார். 2023 இல் அவர் மறைந்தார்.

இத்தனை பேரும் ஏன் இம்மலைக்கு வந்தனர்? பாடகர் வாழ்வு ஊர் ஊராக அலையும் வாழ்வு. இன்றிரவு ஓரூர், நாளை இரவு வேறூர்; மனைவி மக்களைக் காண்பது மாதத்துக்கு ஒருமுறை. பிரான்சன் இம்முறையைத் தலைகீழாக்கியது. பாடகர் ஓரிடத்தில் இருப்பார். கேட்பவர்கள் பேருந்து பேருந்தாக அவரைத் தேடி வருவார்கள். காலையில் ஒரு காட்சி, பிற்பகலில் ஒரு காட்சி, இரவில் ஒரு காட்சி என்று அரங்குகள் இயங்குகின்றன. காட்சி முடிந்ததும் கலைஞர் தம் வீட்டுக்குச் சென்று தம் பிள்ளைகளுடன் உண்டு உறங்கலாம். அப்பிள்ளைகளே வளர்ந்து மேடையேறுகின்றனர்.

அரங்கினுள்ளே

இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டென்பதை வாசகர்கள் அறிவர். அதனைத் தீர்த்து வைக்க இக்கட்டுரை எழுதப்படவில்லை. உம்மாவுக்கு அவ்வூரைக் காட்ட வேண்டுமென்பது தம்பியின் ஆவல்; உம்மாவின் கைபிடித்துப் படியேற்ற வேண்டியது என் பொறுப்பு. எனவே ஒரு குடும்பத்தார் நடத்தும் பல்சுவை இசை நிகழ்ச்சிக்கு நாங்கள் ஆறு பேரும் சென்றோம்.

புறப்படும்போதே பன்னிரண்டு வயது மகன் தன் தந்தையின் காதில் ஏதோ முணுமுணுத்தான். “வாப்புமாவை இந்தத் துப்பட்டியோடவா கூட்டிட்டுப் போறோம்? எல்லாரும் பார்ப்பாங்களே!” என்பது அதன் பொருள். தம்பி பதிலளிக்கவில்லை. உம்மாவின் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். துப்பட்டியை முன்னிலும் ஒழுங்காக இழுத்து விட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார்.

வாயிலில் சீட்டு வாங்கிக் கிழித்தவர் அக்குடும்பத்து மருமகள். இருக்கை காட்டிய இளைஞன் அரை மணி நேரங்கழித்து மேடையில் பாஞ்சோ வாசித்தான். கிதாரும் பிடிலும் முழங்க நாட்டுப்புறப் பாடல்கள் வந்தன. இடையிடையே, முன்பல் விழுந்தவர் போல் ஒப்பனை செய்து தொளதொளத்த காற்சட்டை அணிந்த கோமாளி ஒருவர் தோன்றினார். நம் தெருக்கூத்தில் கட்டியக்காரன் செய்வதைத்தான் அவரும் செய்தார். பெரியவர்களைக் கேலி பேசினார், தம்மையே தாழ்த்திக்கொண்டார், அடுத்த பாட்டுக்கு வழிவிட்டார். இரண்டு மணி நேரத்தில் தலைகுனிய வைக்கும் சொல் ஒன்றும் வரவில்லை. ஆங்கிலம் அறியாத உம்மா, கோமாளியின் நடையைப் பார்த்தே குலுங்கிச் சிரித்தார்.

எந்தெந்த ஊர்களிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று கேட்பது அங்கே வழக்கம். ஐயோவா, டெக்சஸ், ஒக்லஹோமா என்று குரல்கள் எழுந்தன. எங்கள் வரிசையிலிருந்து தம்பியின் சின்ன மகள் “இந்தியா” என்று கத்திவிட்டாள். அரங்கு முழுவதும் திரும்பிப் பார்த்தது. கோமாளி, அவ்வளவு தொலைவு நடந்தா வந்தீர்கள் என்று உம்மாவைப் பார்த்துக் கேட்க, அனைவரும் கைதட்டினர். தம்பி மகனின் முகம் சிவந்தது. ஆனால் அதன்பின் அவன் வாப்புமாவின் அருகில் நகர்ந்து அமர்ந்ததையும் கண்டேன்.

கோடையில் அங்கே சூரியன் மறைய இரவு எட்டரை மணிக்கு மேல் ஆகிறது. இடைவேளையில் நானும் தம்பியும் வெளியே வந்து, வண்டிகள் நிறுத்துமிடத்தின் ஓரப் புல்தரையில் மஃரிப் தொழுதோம். உம்மா தம் இருக்கையிலேயே அமர்ந்து தொழுதுகொண்டார்.

இடைவேளைக்குப் பின் தேவாலயப் பாடல்கள் சில இடம்பெற்றன. அவர்கள் சமயம் அவர்களுடையது. நாங்கள் அமைதியாக அமர்ந்திருந்தோம். நிறைவாக, படையில் பணிபுரிந்தவர்களை எழுந்து நிற்கும்படி அழைத்தனர். எங்கள் பக்கத்து இருக்கை முதியவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். அவரது தொப்பியில் வியட்நாம் என்று எழுதியிருந்தது. அப்போரைப் பற்றியும், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் நிகழ்ந்தவை பற்றியும் என் கருத்து வேறு. அக்கருத்து அங்கேயும் மாறவில்லை. ஆயினும் அவரது கைத்தடி நடுங்கியதைப் பார்த்த உம்மா, அவர் மீண்டும் அமரும்போது முழங்கையைத் தாங்கிப் பிடித்தார். வயது முதிர்ந்தவர் விழுந்துவிடக் கூடாது என்பதற்கு மேல் உம்மாவுக்கு வேறு அரசியல் இல்லை.

உம்மாவின் கணக்கு

முடிவில் அக்குடும்பத்தார் அனைவரும் மேடையில் வரிசையாக நின்றனர். முதியவர், அவருடைய மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். உம்மா விரல்விட்டு எண்ணினார். பிறகு தம்பியிடம் கேட்டார்: “இவங்க எல்லாரும் ஒரே ஊர்லயா இருக்காங்க?”

“ஆமாம்மா.”

“தெனமும் பாத்துக்குவாங்களா?”

“ஆமாம்மா.”

உம்மா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு மூன்று ஆண்மக்கள். ஒருவர் துபாயில், ஒருவர் செயின்ட் லூயிஸில், நான் ஊரில். மூவரும் ஒரே நேரத்தில் அவர்முன் நின்று ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. வாப்பாவின் ஜனாஸாவுக்கு வந்தபோது நின்றதுதான் கடைசி. கடற்கரை ஊர்களில் வாழும் நமக்குச் சபர் புதிதன்று. கொழும்புக்கும் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் நம் முன்னோர் சென்றனர். அதனால்தான் வீடுகளில் அடுப்பெரிந்தது. அந்த வாழ்வைக் குறை கூற இயலாது. ஆனால் அதன் விலையை யார் செலுத்தினார்கள் என்பதை உம்மாவின் விரல்கள் காட்டின.

ஒன்றாக இருப்பதும் நம் கையில் மட்டும் இல்லை. 2018 ஜூலை 19 அன்று இதே டேபிள் ராக் ஏரியில் சுற்றுலாப் படகு ஒன்று புயலில் சிக்கி மூழ்கி 17 பேர் மாண்டனர். அவர்களுள் 9 பேர் ஒரே குடும்பத்தார். விடுமுறைக்கு ஒன்றாக வந்தவர்கள். மறுநாள் அந்த ஏரிக்கரையில் நின்று, கிடைத்த நேரத்தின் அருமையை எண்ணிப் பார்த்தோம்.

அன்றிரவு விடுதிக்குத் திரும்பும் வழியில், “வாப்புமா, நம்ம வீட்டில் யாரும் பாட மாட்டாங்களா?” என்று தம்பி மகன் கேட்டான். உம்மா சற்றே தயங்கினார். பிறகு மெல்லிய குரலில், தம் தாயாரிடம் கற்ற ஒரு தாலாட்டைப் பாடினார். அதைத் தொடர்ந்து ஒரு முனாஜாத்து. இருட்டில், மலைச்சாலையில், கருவி ஏதுமின்றி அக்குரல் மட்டும் ஒலித்தது. வண்டியோட்டிய தம்பி ஓரிடத்தில் தானும் சேர்ந்து பாடினார். நாற்பது வயதுக்கு மேல் அந்த அடிகள் அவருக்கு நினைவிருந்தது எனக்கு வியப்பளித்தது. பிள்ளைகளுக்குத் தமிழ் பாதிதான் விளங்கியது. ஆயினும் மீண்டும் பாடச் சொன்னார்கள்.

ஒரு காலத்தில் நம் பெண்கள் மாலையும் கிஸ்ஸாவும் நாமாவும் முனாஜாத்தும் மனப்பாடமாகப் பாடினர். கலியாண வீட்டிலும் தொட்டிலோரத்திலும் அவை ஒலித்தன. கருவிகள் கூடுமா, கூடாதா என்ற விவாதத்தின் நடுவே, கருவியே தேவைப்படாத அப்பாடல்களையும் நம் வீடுகள் நழுவவிட்டுவிட்டன. அவ்விடத்தைத் தொலைக்காட்சியும் பின்னர் கைபேசியும் நிரப்பின. பிரான்சன் மக்கள் தம் பாட்டிமாரின் பாட்டை மேடையேற்றி வாழ்வு நடத்துகின்றனர். நமக்கு மேடை வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் ஒரு பேனாவும் போதும். உங்கள் இல்லத்து மூத்த பெண்மணிகளிடம் அமர்ந்து, அவர்கள் அறிந்த பாடல்களைச் சொல்லச் சொல்லி எழுதி வையுங்கள். குரலையும் பதிவு செய்து வையுங்கள்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஊர் திரும்பிய பின்னர், உம்மா வெள்ளிக்கிழமைதோறும் இஷாவுக்குப் பிறகு தொலைபேசியில் பாட, செயின்ட் லூயிஸிலும் துபாயிலும் பேரப்பிள்ளைகள் திருப்பிச் சொல்கின்றனர். 2020 இல் நோய்த்தொற்றால் உலகமெங்கும் அரங்குகள் மூடிக் கிடந்த மாதங்களிலும் அது நிற்கவில்லை. இதுவரை பதினேழு பாடல்கள் குறிப்பேட்டில் ஏறியுள்ளன. பதினெட்டாவதில் ஓரடி மறந்துவிட்டதாம். அதை அறிந்தவர் பக்கத்துத் தெருவில் ஒருவர் இருக்கிறார், போய்க் கேட்டு வா என்று என்னை அனுப்பிக்கொண்டிருக்கிறார்.