பாட்டனார் நினைவும் யூதர் துக்கப் பாட்டும்

எம் பாட்டனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு கழிந்தது. அடக்க ஆராதனையின் முடிவிற் கூடியிருந்தோர் யாவரும் பரமண்டல ஜெபத்தைச் சொல்லுங்கால், மழலைப் பருவத்தில் அதனை அவர் மடியிலிருந்து கற்ற யாம் மட்டும் வாய் திறந்திலேம். துக்கம் தொண்டையை அடைத்ததென்று பிறர் கருதினர். உண்மை அஃதன்று, அவரை எடுத்துக்கொண்டவரைத் துதிக்க எமக்கு மனம் வரவில்லை. அக்குற்றம் பல திங்கள் எம் நெஞ்சை அறுத்தது.

அந்நாட்களில், பிரெஞ்சு இசைப்புலவர் ராவெல் என்பார் 1914-ஆம் ஆண்டில் அமைத்த 'கதீஷ்' என்னும் பாட்டை ஓர் ஒலிப்பதிவிற் கேட்க நேர்ந்தது. அவர் யூதரல்லர், ஆயினும் யூதர் தொன்றுதொட்டு ஓதிவரும் அரமேயமொழி ஜெபத்தை எடுத்து, பியானோவுடன் ஒரு குரல் பாடுமாறு இசை வகுத்தனர். ஒரு சொல்லையே பல சுரங்களில் நெடிதாக இழுத்துச் செல்லும் அக்குரலை ஒப்பாரியென்றே எண்ணினோம். பொருளை நாடிப் படித்தபோதோ வியப்புற்றோம். துக்கங்காப்போர் ஓதும் அந்த ஜெபத்தில் மரணம் என்னும் சொல்லே இல்லை. முழுதும் கடவுளின் துதியே. அவர் நாமம் பரிசுத்தமாய் விளங்கவும், அவர் இராஜ்யம் விரைந்து வரவும் வேண்டுதலே அதன் தொடக்கம். எம் பாட்டனார் கற்பித்த ஜெபத்தின் முதலிரு விண்ணப்பங்களும் இவையன்றோ!

யூதர் தம் உற்றாரை அடக்கஞ்செய்தபின் 7 நாள் வீட்டில் தாழ்ந்த இருக்கைகளில் அமர்ந்து துக்கங்காப்பர்; 30 நாள்வரை விருந்தும் இசையும் விலக்குவர். பெற்றோர்க்காயின் மக்கள் 11 திங்கள் கதீஷ் ஓதுவர். இதனைத் தனித்து ஓதுதல் மரபன்று. பழைய முறைப்படி வயதுவந்த ஆடவர் பதின்மரேனும் கூடியிருத்தல் வேண்டும். துக்கமுடையோன் சொல்ல, மற்றையோர் 'ஆமென்' என்பர். மனம் ஆறியபின் துதிசெய்க என்று அம்மரபு காத்திருப்பதில்லை. ஆறாத மனத்தோனையே எழுந்து நிற்கச் செய்து, சூழ நிற்போர் குரலால் அவனைத் தாங்குகின்றது.

பெற்றோர், மக்கள், உடன்பிறந்தார், வாழ்க்கைத்துணை ஆகியோர்க்கே அங்கே துக்கங்காத்தல் கடமையாம். பாட்டனார்க்காகப் பேரன் ஓதவேண்டுமென்னும் விதி இல்லை. அவன் ஓதினால் அஃது அன்பினாலேயே ஆகும்.

பிறர் சடங்கை இரவல் கொள்ள யாம் விரும்பவில்லை. எனினும், ஆண்டு நினைவு நாளன்று கல்லறைத் தோட்டத்தில், பெரியோர் பணிக்குமுன்னரே பரமண்டல ஜெபத்தை யாமே தொடங்கினோம். இரண்டாம் விண்ணப்பத்தில் குரல் நின்றுபோயிற்று. அருகிலிருந்த எம் பாட்டியார், விட்ட இடத்திலிருந்து எடுத்துச் சொன்னார். உடன் நின்றோரும் சேர்ந்தனர். முடிவில் யாவரும் 'ஆமென்' என்றோம். எழுத்தறியாத எம் பாட்டியார் நாள்தோறும் நவிலும் அச்சொல் எபிரேயச் சொல் என்பதை அன்றுதான் எண்ணிப் பார்த்தோம்.