ஆயாவைக் கேட்டுட்டு சம்மட்டியைத் தூக்குங்க!

சம்மட்டி தூக்கியிருக்கீங்களா பாஸ்? ஜிம்முல டயரை அடிக்கிற சம்மட்டி இல்லை, நிஜக் கான்கிரீட்டை அடிக்கிற சம்மட்டி. முதல் பத்து அடி வரைக்கும் நீங்கதான் ஹீரோ. இருபதாவது அடியில் உள்ளங்கையில் கொப்புளம். முப்பதாவது அடியில், 'மச்சி, மெஷின் வாடகைக்குக் கிடைக்குமாடா?' என்று கேட்க ஆரம்பித்துவிடுவீங்க. நாங்களும் அப்படித்தான் கேட்டோம்.

எங்க வீடு ஆம்பூரில். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, ஞாபகம் இருக்கா? எங்க ஜெனரேஷனுக்குப் பாலாறுன்னாலே மணல்தான். தண்ணீர் ஓடுதுன்னதும் செல்போனைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால், எங்க சமையல்கட்டில் கணுக்கால் அளவு தண்ணீர்! ஆத்துத் தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீர். புழக்கடை முழுக்க தாத்தா காலத்துக் கான்கிரீட். மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் நேரா வீட்டுக்குள்ளே வந்துவிட்டது. அம்மா அரிசி மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாங்க பாருங்க ஒரு பார்வை... செல்போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டேன்.

அடுத்த மே மாச லீவில் அதை உடைத்தே ஆகணும் என்று முடிவாச்சு. ஆள் கூலி, ஷூ கம்பெனியில் வாங்குகிற சம்பளம், என்னோட செமஸ்டர் ஃபீஸ்... மூன்றையும் ஒரு பேப்பரில் எழுதிப் பார்த்த அப்பா, "நாமளே உடைச்சுடலாம்டா" என்றார். ஸோ, லேபர்: நானும் மூணு ஃப்ரெண்ட்ஸும். கூலி: மதியம் பிரியாணி. கத்திரிக்காய் கண்டிப்பா வேணும்னு கண்டிஷன் வேற!

இங்கே கொஞ்சம் கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி, 4 அங்குல கனம். ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ. அப்படின்னா எங்க புழக்கடையில் கிடந்தது ஏறக்குறைய 2,700 கிலோ! உடைக்கிறதைவிட அள்ளுறதுதான் பெரிய வேலைன்னு அப்பவே புரிந்திருக்கணும். புரியலை.

கான்கிரீட்டுக்கு ஒரு குணம் உண்டு. அமுக்கினால் பயங்கரமாகத் தாங்கும். இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். அதனால் நடுவில் நின்று அடிக்கிறது வேஸ்ட். அடியில் இருக்கிற மண் அடியை வாங்கிக்கும். ஓரத்தில் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, கடப்பாரையை விட்டு லேசா நெம்பி வைத்து, மேலே ஒரு அடி போடுங்க. 'கடக்'னு கோடு விழும். சம்மட்டியிலும், இருக்கிறதிலேயே பெரிசைத் தூக்காதீங்க. பத்து தடவை தூக்குறது முக்கியமில்லை, சாயங்காலம் வரைக்கும் தூக்கணும்.

கான்கிரீட் கனமா இருந்தால் பிரேக்கர் மெஷின்தான் வழி. சின்ன மெஷின் டைல்ஸ் பெயர்க்க, சுவர் கொத்த. தரையை உடைக்க 10 கிலோவுக்கு மேலே இருக்கிற பெரிய மெஷின். அதற்கு 15 ஆம்பியர் பிளக் வேணும். செல்போன் சார்ஜ் போடுகிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் ஒயர் உருகிடும். உள்ளே கம்பி கட்டியிருந்தால் அதை அறுக்கத் தனியா கட்டிங் மெஷின். தூசி விஷயத்தில் மட்டும் விளையாடாதீங்க. அது சும்மா தூசி இல்லை, சிலிக்கா. நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. கர்ச்சீஃப் கட்டிக்கிறது ஸ்டைலுக்கு மட்டும்தான் உதவும். தண்ணீர் தெளித்துக்கொண்டே உடைக்கணும், முகத்தில் நல்ல மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி.

இவ்வளவும் விசாரித்து, சண்டே காலையில் மெஷினும் வந்தாச்சு. "நடுவுல ஒரு ஓட்டை போட்டுட்டா அங்கேருந்து நாலு பக்கமும் பேத்துடலாம் மச்சி" என்றான் மெக்கானிக்கல் படிக்கிறவன். கரெக்ட்தானே? மெஷினை நடுவில் வைத்தாச்சு. நான் ஸ்விட்ச் பக்கம் போறேன். அப்போ வாசப்படியில் உட்கார்ந்து வெத்தலை மென்றுகொண்டிருந்த ஆயா குரல் கொடுத்தாங்க.

"டேய், நடுவுல வைக்காதீங்கடா. அங்கதான் கெணறு கீது!"

சிரிச்சோம் பாஸ். நிஜமாவே சிரிச்சோம். அப்பா மட்டும் சிரிக்கலை. "கெணத்தைத்தான் அப்பவே மூடிட்டாங்களேம்மா?"

"மூடனாருடா உங்கப்பா. தூர்த்தாரா?"

மூடுறது வேறு, தூர்க்கிறது வேறு. தாத்தா மண் கொட்டி நிரப்பவே இல்லை. மேலே நாலு கல் பலகையைப் போட்டு, அதன்மேல் கான்கிரீட்டை ஊற்றிவிட்டார். அப்பா அப்போ வேற ஊரில் வேலையில் இருந்தவர், தூர்த்துட்டாங்கன்னே நினைத்துக்கொண்டிருந்தார். கடப்பாரையால் தரையைத் தட்டிப் பார்த்தோம். ஓரத்தில் 'டங்... டங்...'. நடுவுக்கு வந்ததும் 'தொம்'. தட்டித் தட்டி கரிக்கட்டியால் கோடு போட்டால், அழகா ஒரு வட்டம். அதுக்கு நடுவில்தான் எங்க மெஷின், மெஷினைப் பிடித்தபடி எங்க ஃப்ரெண்ட்!

தாத்தா ஏன் மூடினார்? தண்ணீர் கெட்டுப்போச்சு, அவ்வளவுதான். முதலில் உப்புக் கரித்ததாம், அப்புறம் நிறம் மாறியதாம். துவைக்கக்கூட ஆகலை என்றாங்க ஆயா. எங்க வீட்டுக் கதை மட்டுமில்லை இது. வேலூர் மக்கள் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைப் படித்துப் பாருங்க. தோல் தொழிற்சாலைப் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழாகிவிட்டதாக அதில் இருக்கிறது. மாசு பண்ணினவனே காசு கொடுக்கணும் என்று சொன்ன தீர்ப்பு அது. லா ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுவாங்க. எங்க ஃபீஸைக் கட்டியதும் அதே தோல்தான் என்பதால் இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குது. ஆனா கிணறு கெட்டது கெட்டதுதானே?

மெஷினை ஓரங்கட்டிவிட்டு மேஸ்திரியைக் கூப்பிட்டோம். அவர் பிளானே தலைகீழ். வட்டத்துக்கு ரெண்டடி தள்ளி வரைக்கும் சம்மட்டி, கடப்பாரை. வட்டத்துக்குப் பக்கத்தில் வெறும் உளியும் சுத்தியலும். மேலே ஒருத்தரும் நிற்கக் கூடாது. இடுப்பில் கயிறு, அந்தக் கயிறு வேப்பமரத்தில். கல் பலகைகளை செயின் போட்டுத் தூக்கினார்கள். முதல் பலகை நகர்ந்ததும் அழுகின முட்டை வாடை. எட்டிப் பார்க்கப் போனவனை மேஸ்திரி காலரைப் பிடித்து இழுத்துவிட்டார்.

பழைய கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பாங்க தெரியுமா? அணைந்தால் ஆக்சிஜன் இல்லைன்னு அர்த்தம். அணையாவிட்டால் சேஃப்னு அர்த்தம் கிடையாது. அந்த வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடா இருந்தால் விளக்கு ஜோரா எரியும், இறங்கின ஆள் விழுந்துடுவார். அந்த வாயு அதிகமானால் மூக்கே மரத்துப்போய் வாடையும் தெரியாது. அதனால் யாரும் இறங்கலை. இறங்கவும் விடலை.

கிணற்றைத் தூர்க்கலை. இடுப்பு உயரத்துக்குச் சுவர், மேலே இரும்பு கிரில். மொட்டை மாடித் தண்ணீர் மட்டும் ஜல்லி, மணல் போட்ட தொட்டி வழியா அதுக்குள்ளே போகுது. மிச்ச இடமெல்லாம் மண். உடைச்ச கட்டிகளை டிராக்டர்காரர் வந்து அள்ளிக்கொண்டு போனார். பிரியாணி பில்லை அப்பா இன்னும் சொல்லிக் காட்டுவார்.

கிரில் போட்ட அன்னிக்கு ஆயாவைக் கைத்தாங்கலா கூட்டிவந்து காட்டினோம். ரொம்ப நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாங்க. "என் பித்தளைக் கொடம் ஒண்ணு உள்ள வுழுந்துச்சு. எட்த்துக் குடுங்கடா" என்றாங்க.

அடுத்த மழையில் சமையல்கட்டுக்குள் தண்ணீர் வரலை. அம்மா அரிசி மூட்டையை மட்டும் இன்னும் பெஞ்சு மேலேதான் வைக்கிறாங்க.