வாழைத்தார் லாரியில் ஒரு படையெடுப்பு

பெங்களூரிலிருந்து பேரன் லீவுக்கு வந்திருந்தான். வாட்டர்லூ போர்க்களத்தைச் சைக்கிளிலேயே சுற்றிப் பார்க்கிறார்களாம். எங்கேயோ படித்துவிட்டு வந்து, "நம்ம ஊர்ப் பக்கம் போர்க்களமே கிடையாதா தாத்தா?" என்று கேட்டான்.

"பெரும்பாறையில ஏதுடா போரு? குழாயடியிலதான்" என்றாள் என் சம்சாரம். அவன் கையில் ஒரு விருப்பாச்சிப் பழத்தையும் திணித்தாள்.

பழத்தைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷமாக இந்த மலைவாழையைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பிப் பிழைத்தவன் நான். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற பழம் என்று பெருமையடிப்பேன். ஆனால் பெயர் கொடுத்த விருப்பாச்சிக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை!

இத்தனைக்கும் சாதாரண ஊரா அது? 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, வேலுநாச்சியார் மகளோடு அடைக்கலம் புகுந்த இடம். ஐதர் அலியின் உதவியோடு 1780-ல் அவர் சிவகங்கையை மீட்டார். விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் கும்பினியாரை எதிர்த்துப் பக்கத்துப் பாளையங்களை ஒன்று சேர்த்தவர். 1801-ல் அவரைப் பிடித்துத் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். நான் தார் இறக்கி, டீ குடித்து, பஸ் பிடித்த அதே திண்டுக்கல்! ஊர்ப் பெயர் பழத்தோடு தங்கிவிட்டது. ஆள் பெயர்தான் நம் வாயில் தங்கவில்லை.

அன்று ராத்திரியே பேரனும் நானும் திட்டம் போட உட்கார்ந்தோம். மூன்று நாள் பயணம். அவனுக்குக் கியர் சைக்கிள், எனக்கு அட்டத்திலிருந்து இறக்கிய பழைய ஹெர்குலிஸ். முதல் நாள் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி சித்தரேவு, செம்பட்டி வழியாகத் திண்டுக்கல். அங்கே மலைக்கோட்டை. ஐதர் அலி 1755-ல் பௌஜ்தாராக வந்த ஊர் அது. 1790-ல் கும்பினிப் படை கோட்டையைப் பிடித்தது. இரண்டாம் நாள் ஒட்டன்சத்திரம் தாண்டி விருப்பாச்சி. அங்கே கோபால நாயக்கர் மணிமண்டபம். மூன்றாம் நாள் வீடு.

"கோட்டை எப்படி இருக்கும் தாத்தா?"

பேந்தப் பேந்த விழித்தேன். நாற்பது வருஷமும் கீழே நின்று பார்த்ததோடு சரி. "அடுத்த லோடுக்கு வரும்போது ஏறிக்கலாம்" என்று ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போட்டேன். இரண்டு முழங்காலும் ஒழுங்காக இருந்த காலத்தில் ஏறவில்லை. இப்போது பாறை அங்கேயேதான் இருக்கிறது. முழங்கால்தான் இல்லை.

சாமான் பட்டியல் தயாரானது. புது பிரேக் கட்டை இரண்டு ஜோடி, பஞ்சர் சாமான், காற்றடிக்கிற பம்ப், எனக்கு முழங்கால் தைலம்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சம்சாரம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏங்க, இறங்கறதுக்கு இம்புட்டுத் திட்டம் போட்டீங்களே... திரும்ப ஏறுறதுக்கு?"

பேரன் செல்போனில் மேப்பைத் திறந்து மேட்டைக் காட்டினான். இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கடைசியில் கைகொடுத்தது வாழைத்தார்தான். லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற லாரியில் செம்பட்டியில் ஏறிக்கொள்வதாக முடிவு. போர்க்களத்துக்குப் போகிறவன் எந்த வாகனத்தில் வீடு திரும்பினால் என்ன?

மறுநாள் காலையில் பார்த்தால் திண்ணையில் ஒரு சீப்புப் பழம் தயாராக இருந்தது. "மணிமண்டபத்துல அவர் முன்னாடி வைக்கணும். அவரு ஊருப் பழம்தானே" என்றாள். பிறகு மெதுவாக, "வேலுநாச்சியாரு இருந்த ஊருங்கறீங்க. நானும் வர்றேன். சைக்கிள்ல இல்ல, பஸ்ஸுல" என்றாள்.

அடுத்த வாரம் கிளம்புகிறோம். கோட்டையில் எத்தனை படி முடியுமோ அத்தனை படி. மிச்சத்தைப் பேரன் ஏறிப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லட்டும்.